திட்டு வாங்காத ஊழியர்

"என்ன பொழப்புங்க இது, நாய்ப் பொழப்பு" என்று சொல்லிவிட்டு, முகமெல்லாம் பூரித்துப்போய்த் தேநீரை ஒரு மடக்கு விழுங்குகிறார் சின்னவர். இடுப்பு ஒடிகிறது என்கிறார். மேலிடத்துக்கு மனசாட்சியே கிடையாது என்கிறார். இதையெல்லாம் சொல்லும்போது அவர் முகத்தில் தெரியும் சந்தோஷத்தைப் புதுமாப்பிள்ளைகளிடம்கூடப் பார்க்க முடியாது. தேநீர் இடைவேளையில் வேலையைக் குறை சொல்வதும் வேலையில் சேர்ந்ததுதான் என்பதை, இந்த ஓட்டலின் சலவைக்கூடத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே அவர் கண்டுகொண்டுவிட்டார். அந்தக் கடமையில் மட்டும் அவர் தவறியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால், "திங்கக்கிழமை வந்து தொலைக்குதே" என்று அக்காவிடம் புலம்பியபடியே சீருடையை எடுத்து மாட்டிக்கொண்டு, அதோடு தூங்கியும் விடுகிறார்.

வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. வீட்டுக்கு இளையவர் என்பதால் இன்னும் சின்னவர். நெடிய உருவம். தலைமுடியில் இடது பக்கம் மட்டும் சீப்புக்கு எந்நாளும் ஒத்துழைத்ததில்லை. அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து எடுப்பது குளிக்கும் நேரத்தில் மட்டும்தான். அப்போதும் அது குளியலறைக் கொக்கியில், அவர் கண்ணுக்கு எட்டும்படி தொங்க வேண்டும். உலர்த்தியிலிருந்து வந்த சூட்டோடு எந்த விரிப்பையும் மடிக்க மாட்டார். "கோவமா இருக்கு, ஆறட்டும்" என்பார். சலவை இயந்திரங்களில் மூன்றாவதோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அது ஒருமுறை அவர் காலில் தண்ணீர் துப்பியது, மன்னிப்புக் கேட்கவில்லை.

எழுத்துக் கூட்டிப் படிப்பார்; அவசரப்படுத்தினால் படிக்க மாட்டார். முள் கடிகாரம் அவருக்கு ஒத்துவராது. ஒரு வேலையைப் பழக மற்றவர்களைவிட அதிக நாள் பிடிக்கும். மறக்க அதைவிட அதிக நாள் பிடிக்கும். இப்படிப்பட்டவர்களுக்கு அரசாங்கம் வைக்கும் பெயர் அவ்வப்போது மாறும். பழைய பெயர் மனதைப் புண்படுத்துகிறது என்று மாநாடு கூட்டிப் புதுப் பெயர் சூட்டுவார்கள். அது புண்படுத்தத் தொடங்கக் கொஞ்ச காலம் ஆகும். இப்போது நடப்பில் இருப்பது 'வளர்ச்சிசார் மாற்றுத்திறனாளி'. சின்னவரையே கேட்டால், "நான் லாண்டிரி டிபார்ட்மென்ட்" என்பார்.

இதற்குமுன் பல வருடங்கள் அவர் ஒரு மெழுகுவத்திப் பட்டறையில் இருந்தார். அவரைப் போன்றவர்களுக்கென்றே தனியாக நடத்தப்பட்ட இடம். அங்கே எதைச் செய்தாலும் கைதட்டுவார்கள். மெழுகுவத்தியை நேராக வார்த்தால் கைதட்டல்; கோணலாக வார்த்தால் இன்னும் பலத்த கைதட்டல். பெரிய மனிதர்கள் வருவார்கள், கைதட்டுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், ஆளுக்கொரு மெழுகுவத்தியோடு போய்விடுவார்கள். மின்சாரம் போன நேரத்தில் அது எரிந்ததா என்று ஒருவரும் வந்து சொன்னதில்லை.

பிறகு கொள்கை மாறிற்று. இவர்களைத் தனியே உட்காரவைத்துக் கைதட்டியது போதும். எல்லாரும் வேலை செய்கிற இடத்தில், எல்லாருக்கும் கொடுக்கிற அதே கூலிக்கு, அதே விதிகளின்படி வேலை செய்யட்டும் என்று முடிவாயிற்று. 'ஒருங்கிணைந்த போட்டி வேலைவாய்ப்பு' என்று அதற்குப் பெயர். நல்ல கொள்கைதான். பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் வேலை செய்கிற இடத்தில் எல்லாரும் திட்டும் வாங்குகிறார்களே, அதில் இவர் பங்கு என்ன என்பதைத்தான் யாரும் யோசித்து வைக்கவில்லை.

அந்தச் சலவைக்கூடத்தில் திட்டு தாராளமாகவே கிடைத்தது. சூப்பர்வைசர் அம்மாளின் குரல் உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சலைத் தாண்டி மாடிப்படி வரைக்கும் போகும். "இது மடிப்பா? மாடு மென்னு துப்பின மாதிரி இருக்கு!" "கண்ணு மூஞ்சில இருக்கா, முதுகுல இருக்கா?" சாப்பிட்டாயா என்பதைக்கூட அவர் "தின்னு தொலைச்சியா இல்லையா?" என்றுதான் கேட்பார். யாராவது காய்ச்சலில் படுத்தால் வீடு தேடிப் போய்த் திட்டிவிட்டு, பழமும் கொடுத்துவிட்டு வருவார்.

சின்னவரிடம் மட்டும், "ரொம்ப நல்லாயிருக்கு கண்ணா."

காரணம் இரண்டு. முதல் நாளே அக்கா வந்து அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனை ஒரு சொல் சொல்லிடாதீங்க மேடம், மனசு தாங்க மாட்டான்" என்று கண் கலங்கிவிட்டுப் போனார். அடுத்து, வேலை வாங்கித் தந்த நிறுவனம் சூப்பர்வைசருக்கு அரை நாள் வகுப்பு எடுத்தது. ஊக்கப்படுத்துங்கள், புன்னகையுங்கள், குரலைத் தாழ்த்துங்கள். வாழ்க்கையில் யாரும் தனக்கு வகுப்பு எடுத்ததே இல்லை என்பதால், அந்த அம்மாள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார். சின்னவர் தலையணை உறைகளை ஏறுமாறாக மடித்தால் "பரவாயில்ல கண்ணா" என்பார். சின்னவர் வீட்டுக்குப் போனதும் அந்த அம்மாள் எல்லாவற்றையும் பிரித்துத் தானே மடிப்பார். சின்னவருக்குச் சேர வேண்டிய வசவையெல்லாம் அந்த உறைகள் வாங்கிக்கொண்டன.

சின்னவர் இதைக் கவனித்துவிட்டார். விரிப்புகளை ரோலரில் விட்டுத் தேய்த்தெடுக்கும் அண்ணனிடம் தேநீர் வேளையில் பேச்சை எடுத்தார்.

"அண்ணே, இன்னிக்கு உங்களை என்னன்னு திட்டுச்சு?"

"எருமைன்னுச்சு."

"நேத்தும் எருமைதானே?"

"நேத்து கிழட்டு எருமை. இன்னிக்கு வயசு கொஞ்சம் குறைஞ்சிருக்கு."

சின்னவர் பெருமூச்சு விட்டார். "என்னை ஒண்ணுமே சொல்லலை."

"குடுத்து வச்ச ஆளுய்யா நீ."

"விருந்தாளியைத்தாண்ணே திட்ட மாட்டாங்க" என்றார் சின்னவர்.

ரோலர் அண்ணன் கையிலிருந்த பிஸ்கட் தேநீருக்குள் முழுகிப்போயிற்று.

மறுநாளிலிருந்து சின்னவர் களத்தில் இறங்கினார். துண்டுகளை மடிக்காமல் பந்து பந்தாகச் சுருட்டி வைத்தார். "அட, புதுசா இருக்கே கண்ணா" என்றார் சூப்பர்வைசர். அடுத்த நாள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "லேட் ஆயிடுச்சா? ஆயிடுச்சா?" என்று காவலாளியைத் துளைத்தெடுத்து, ஆகிவிட்டது என்று அவர் உறுதி சொன்ன பிறகே உள்ளே நுழைந்தார். "பஸ் கிடைக்கலையா கண்ணா? வா, தண்ணி குடி." அதற்கு மறுநாள் வெளுத்து வந்த விரிப்புகளின்மேல் ஏறிக் காலை நீட்டிப் படுத்தார். சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டே வந்து, அவர் தலைக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் பார்த்துக் கலங்கியவர் பயிற்றுநர். சின்னவருக்கு வேலை பழக்க அந்த நிறுவனம் அனுப்பிய பெண். விசித்திரமான உத்தியோகம் அது. தான் தேவையில்லை என்று ஆகிவிட்டால்தான் அதில் நல்ல பெயர். முதலில் தோளோடு தோளாக நிற்க வேண்டும், பிறகு அறையின் மறு கோடிக்கு நகர வேண்டும், பிறகு கண்ணில் படாமல் கண்காணிக்க வேண்டும், கடைசியில் மறைந்தே போய்விட வேண்டும். அவர் அப்போது மூன்றாம் கட்டத்தில், அழுக்குத் துணி வண்டிக்குப் பின்னால், செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மிஸ், கால் தெரியுது" என்பார் சின்னவர், போகிற போக்கில்.

போன வாரம்வரை ஒழுங்காகத் துண்டு மடித்தவர் இந்த வாரம் பந்து செய்கிறார் என்றால் என்ன பொருள்? தான் விலகியதும் எல்லாம் சரிந்துவிட்டது என்று பயிற்றுநர் முடிவுக்கு வந்தார். சாயங்காலம் வீட்டுக்கே வந்து அக்காவிடம் சொன்னார்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம்க்கா. அப்பவும் இப்படியே இருந்தா, இந்த வேலை அவருக்குச் சரிப்படலைன்னுதான் நான் சொல்ல வேண்டியிருக்கும். பட்டறைல அவர் இடம் இன்னும் காலியாத்தான் இருக்காம்."

அக்காவுக்கு வருத்தத்தோடு ஒரு சின்ன நிம்மதியும் வந்தது. "அங்கேன்னா கைதட்டுவாங்க, பாவம்."

குளியலறைக்குள்ளிருந்து பெருங்குரல் எழுந்தது. "நான் மெழுகுவத்திக்குப் போக மாட்டேன்!"

"சரிடா, சரி. சோப்பைக் கண்ணுல விட்டுக்காதே."

"போக மாட்டேன்! ஐயோ, கண்ணு!"

அதன்பின் சின்னவர் பரீட்சைக்குப் போகிறவர்போல வேலைக்குப் போனார். காவலாளி வருவதற்கு முன்னால் கேட்டில் நின்றார். விரிப்பின் நான்கு மூலைகளும் ஒட்டிப் பிறந்தவைபோலச் சேர்ந்தன. குறை சொல்லவும் நேரமில்லாமல் தேநீரை ஒரே வாயில் ஊற்றிக்கொண்டார். பயிற்றுநர் செய்தித்தாளுக்குப் பின்னால் நிம்மதியடைந்து, அதிலிருந்த குறுக்கெழுத்துப் புதிரில் இறங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை, குளியல் துண்டுகள் ஒரு குவியலாக அலசி முடிந்து வந்தன. சின்னவர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். அது தொங்கிற்று. இன்னொன்றைத் தூக்கினார், அதுவும் அப்படியே. பக்கத்திலேயே கஞ்சி டிரம் இருந்தது. மேசை விரிப்புகளும் சமையல்காரர்களின் தொப்பிகளும் விறைப்பாக நிற்பது அதன் தயவில்தான். சின்னவர் சிறிது யோசித்தார். பிறகு கஞ்சியைக் கலக்கி, பாரபட்சம் பார்க்காமல் அத்தனை துண்டுகளுக்கும் தாராளமாகப் போட்டு, உலர்த்தி, அழுத்தி மடித்து, வண்டியில் அடுக்கி மேலே அனுப்பினார்.

மதியத்துக்கு மேல் தொலைபேசி அடிக்கத் தொடங்கிற்று. ஓர் அறையிலிருந்து, துண்டு முதுகைக் கீறிவிட்டது என்றார்கள். இன்னோர் அறையிலிருந்து, துண்டைக் கொடியில் போட முடியவில்லை, கதவோரம் சாத்தி வைத்திருக்கிறோம் என்றார்கள். மூன்றாவதாகப் பேசிய பெண்மணி புகார் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகள் வீடு கட்டி விளையாடுகிறார்கள், கூரைக்கு இன்னும் இரண்டு கிடைக்குமா என்று கேட்டார்.

அறைப் பணியாளர் ஒருவர் ஒரு துண்டைக் கீழே கொண்டுவந்து சூப்பர்வைசரின் மேசைமேல் வைத்தார். அது நின்றது. எல்லாரும் அதைச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"யாரு இது?" என்றார் சூப்பர்வைசர்.

"நான்தான்" என்றார் ரோலர் அண்ணன், பழக்க தோஷத்தில்.

"பொய்!" சின்னவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அது நான் போட்டது. எல்லாத்தையும் நான்தான் போட்டேன். அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது."

சூப்பர்வைசரின் வாய் 'க' என்ற எழுத்துக்காகத் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அதிகப்படியாகத் துணி திணித்த இயந்திரம்போல உடம்பு ஒரு குலுங்கு குலுங்கிற்று. "ஏன்... கண்ணா?"

"துவண்டு போயிருந்துச்சு. பாவமா இருந்துச்சு."

அந்த நேரம் பார்த்துத் துண்டு மேசையிலிருந்து சரிந்து, 'டக்' என்று தரையில் விழுந்தது. பலகை விழுந்த சத்தம்.

"யோவ்!" என்று வெடித்தார் சூப்பர்வைசர். "துண்டு துவளாம பின்ன சல்யூட்டா அடிக்கும்? குளிச்சிட்டு வர்ற மனுஷன் ஈரத்தைத் துடைக்கணுமா, தோலை இழைக்கணுமா? மேசைக்குப் போடுறதை எடுத்து முதுகுக்குப் போட்டிருக்கியே, மூளையைக் கழட்டி ரோலர்ல விட்டுட்டியா? உன் தலையணை உறையை மடிச்சு மடிச்சே என் கை வீங்கிப்போச்சுய்யா! உங்க அக்கா பேச்சைக் கேட்டு வாயைக் கட்டி வச்சு, வயித்துல புண்ணே வந்திருச்சு எனக்கு! நாளைக்குக் காலைல முதல் ஆளா வர்றே. துண்டு அத்தனையையும் நீயே ஊறப் போடுறே, நீயே அலசுறே. ஒண்ணு விறைச்சு நின்னாலும் உன்னையும் உள்ளே தள்ளிச் சுத்திவிட்டுருவேன், ஆமா!"

சின்னவர், நாளெல்லாம் வேர்த்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே வந்து நிற்கிறவரைப்போல முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நாளைக்குச் சனிக்கிழமை" என்றார் நிதானமாக. "அரை நாள்தான்."

"எதிர்த்துப் பேச வேற செய்றியா?" என்று சூப்பர்வைசர் இரண்டாம் சுற்றுக்கு மூச்சை இழுத்தார்.

செய்தித்தாளை எறிந்துவிட்டு வண்டியின் பின்னாலிருந்து ஓடிவந்தார் பயிற்றுநர். "மேடம், மேடம், வேண்டாம். குரலைத் தாழ்த்துங்க. அவர் பயந்துடப் போறார்..."

சின்னவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணைச் சூப்பர்வைசரின் வாயிலிருந்து எடுக்காமலே, இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், கோழியை விரட்டுகிறமாதிரி பயிற்றுநரை நோக்கி விரல்களை விசிறினார்.