பின்பக்கமாக ஏழு சுற்று

இது பட்டப்பகலில் நடந்தது. நான்கு நாட்கள். நான்கும் பகல். பார்த்தவர் பெயர் முதஸ்ஸிர். கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் சாலையில் இருபத்திரண்டு வருடமாக பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். யாராவது பேய் பிசாசு என்று பேச்செடுத்தால், "மொதல்ல பிளக்க கழட்டிப் பாரு" என்பார். அப்படிப்பட்டவர் சொன்னது இது. நேரங்கள்கூட அவர் குறித்து வைத்தவைதான்.

ஆரம்பத்தில் அது ஒரு சின்னக் கோளாறு மாதிரிதான் இருந்தது.

வியாழக்கிழமை, மாலை 4.20. நைனார்பாளையத்து அஜித்குமார் தன் டர்ட் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். மலைப்பாதையில் ஓட்டுகிற உயரமான வண்டி. இருபத்தைந்து வயதுப் பையன், சட்டை முழுக்க வியர்வை.

"இன்னா தம்பி, ஓட்டிக்கினு வர்றதுக்கு இன்னா?"

"ஓட்ட பயமா கீது பாய். ஆஃப் பண்ணா பின்னாடி போவுது."

"யாரு, வண்டியா நீயா?"

அவன் சிரிக்கவில்லை.

முதஸ்ஸிர் எஞ்சினை ஓடவிட்டு, முதல் கியர் போட்டு, அணைத்தார். கிளட்சை விட்டார். கையை எடுத்தார். பெட்ரோல் குழாயையும் மூடினார். சமதளமான சிமெண்டுத் தரை. வண்டி நின்றது.

ஒன்று, இரண்டு... பதினொரு நொடி.

உள்ளே ஏதோ மெல்ல உருண்டது. வண்டி தானாகப் பின்னால் நகர்ந்தது. டேப் வைத்து அளந்தார். ஒன்றே முக்கால் அடி.

மறுபடி செய்தார். ஒன்றே முக்கால் அடி. மூன்றாம் தடவையும் அதே.

அவருக்குப் பயம் வரவில்லை, ஆசை வந்தது. ஒரு பொருள் ஏன் இப்படிச் செய்கிறது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எஞ்சின் நிற்கும்போது கடைசியில் லேசாகப் பின்வாங்குவது உண்டு. சிலிண்டருக்குள் நசுங்கிய காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளும். அரைச் சுற்று. அதற்கு மேல் போகாது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பின்பக்கம் ஓடத் தெரியாது. ஓடினால் புகை போகிற வழியில் காற்றை இழுக்க வேண்டும், காற்று வருகிற வழியில் புகையைத் தள்ள வேண்டும். அதுவும் தீப்பொறி இல்லாமல், பெட்ரோல் இல்லாமல்...

எஞ்சினின் இடப்பக்க மூடியில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. திறந்தால் உள்ளே ஃப்ளைவீல் தெரியும், எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற கனத்த சக்கரம். அதில் தன் மனைவி ஜெபீனாவின் நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தார். எஞ்சினை ஓட்டி அணைத்துவிட்டு எண்ணினார்.

பின்பக்கமாக ஏழு சுற்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"உள்ள எக்ஸ்ட்ரா வெயிட் ஒண்ணு போட்டுகீறேன் பாய்," என்றான் அஜித்குமார். "அதால இருக்குமோ? அத மட்டும் எடுத்துடு."

ஃப்ளைவீலின் முகத்தில் மரையில் திருகிப் பூட்டுகிற இரும்பு வளையம் அது. கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலிருக்கும். சக்கரம் கனமானால் சுலபத்தில் நிற்காது. செங்குத்தான ஏற்றத்தில், மெதுவான வேகத்தில், மற்ற வண்டிகள் திணறி அணைகிற இடத்தில், இந்த வண்டி 'தக் தக்' என்று ஏறிக்கொண்டே இருக்கும்.

"இது இருந்தா மலைக்கு நல்லதாச்சே. ஏன் எடுக்கச் சொல்ற?"

"ஞாயித்துக்கெழம வெள்ளிமலைக்கு மேல பந்தயம். ஏத்தத்துல இது மாதிரி பின்னாடி போனா நான் இன்னா ஆவுறது?"

அந்தப் பந்தயம் முதஸ்ஸிருக்குத் தெரியும். கல்வராயன் மலையில் நூறடி உயரச் செம்மண் சரிவு. போன வருடம் அதில் ஏறும்போது பாரதி என்ற பையனின் வண்டி பாதியில் அணைந்து, அப்படியே பின்னால் சரிந்து, அவன் மேலேயே விழுந்தது. ஆள் பிழைக்கவில்லை. அன்று ஜெயித்தவன் அஜித்குமார். இந்த வருடக் கோப்பைக்கு பாரதி பெயரை வைத்திருக்கிறார்கள். வைக்கச் சொன்னவனும் அஜித்குமார்தான்.

வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து 2.05க்கு, அஜித்குமார் பக்கத்தில் நிற்க, மூடியைக் கழற்றினார்.

முதலில் கண்ணில் பட்டது மண். செம்மண். மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கேஸ்கெட் இருக்கிறது. தூசிகூட நுழையாது. ஆனால் வளையத்தைச் சுற்றி மண் அப்பியிருந்தது. தொட்டுப் பார்த்தார்.

ஈரம்.

துடைத்தார். வளையத்தின் முகத்தில் பஞ்ச் என்கிற கூர் உளியால் அடித்த மூன்று புள்ளிகள் தெரிந்தன. கடைந்தவர் வைத்த அடையாளம்.

ஃப்ளைவீலைப் பட்டையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வளையத்தின் இரண்டு துளைகளில் ஸ்பானரை மாட்டி இடப்பக்கம் திருப்பினார். அசையவில்லை. ஸ்பானருக்கு மூன்றடி பைப் செருகித் தொங்கினார். பைப் வளைந்தது. சுத்தியலால் அடிக்க முடியாது, உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் பெயர்ந்துவிடும். மிச்சம் இருப்பது சூடு. சூடுபட்டால் இரும்பு விரியும், பசை போட்டிருந்தால் இளகும்.

கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து வளையத்தின் மேல் நான்கு நிமிடம் காட்டினார். 3.12லிருந்து 3.16 வரை. எச்சில் தொட்டு விரலை வைத்துப் பார்த்தார்.

குளிர்ந்திருந்தது. கிணற்றுக்குள் கிடந்த கல் மாதிரி.

பக்கத்தில் ஃப்ளைவீல் கொதித்தது. அதோடு ஒட்டியிருந்த வளையம் மட்டும்...

முதஸ்ஸிர் டார்ச்சை அணைத்தார். சாலையில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எதிர் டீக்கடையில் யாரோ இருமினார்கள். எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தது.

"இத எங்க வாங்கின தம்பி?"

"ஆன்லைன்ல."

"ஆன்லைன்ல வர்ற சாமானுக்கு கம்பெனி பேரு இருக்கும். இதுல பஞ்ச் புள்ளி இருக்குது. யாரோ கையால கடைஞ்சிருக்கான்."

அஜித்குமார் மறுநாள் காலை வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டான். முதஸ்ஸிர் மூடியைப் பூட்டினார். ஆறு போல்ட். ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் மூடிவரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்தார். எப்போதும் செய்வதுதான். வேறு யாராவது போல்டைத் தொட்டால் கோடு விலகிவிடும், ஏமாற்ற முடியாது.

சனிக்கிழமை காலை 9.40. வண்டி போய்விட்டது. "வெயிட்டு கழலல, மலைக்கு மட்டும் எடுத்துக்கினு போகாத," என்று சொல்லித்தான் கொடுத்தார். மனம் கேட்கவில்லை. தியாகதுருகத்துக்கு பஸ் ஏறினார். அங்கே கொளஞ்சியப்பன் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இந்தச் சுற்று வட்டாரத்தில் எந்தப் பட்டறை எந்தக் குறி போடும் என்று அவருக்கு அத்துப்படி.

"மூணு புள்ளியா?" கொளஞ்சியப்பன் லேத்தை நிறுத்தினார். "அது பாரதி போடுறது பாய். இதே மெஷின்ல நின்னுக்கினுதான் கடைஞ்சான், பழைய கரும்பு மெஷின் ஷாஃப்ட்ல. ஒண்ணே ஒண்ணுதான் செஞ்சான். அவன் வண்டிக்கு."

"கழட்ட முடியலண்ணே. என் பைப்பே வளைஞ்சு போச்சு."

"கையாலயே பூட்டுவான், அவ்ளோதான். ஒவ்வொரு மலைக்கு முன்னாடியும் கழட்டித் தொடைச்சு, கையால திருகி வுட்டுடுவான். ஏன்டான்னா, மீதிய மலை இறுக்கிக்கும்பான்."

முதஸ்ஸிருக்கு உடனே புரிந்தது. அழகான ஏற்பாடு. எஞ்சின் முன்பக்கம் முறுக்கெடுக்கும் ஒவ்வொரு தடவையும் கனமான வளையம் ஒரு கணம் பின்தங்கும். பின்தங்கினால் மரை இறுகும். ஓட்ட ஓட்ட இறுகும்.

அப்படியென்றால், எஞ்சின் பின்பக்கம் சுற்றினால்?

கழலும்.

"அண்ணே... அதுல எத்தன மரை வெட்டினான்?"

"ஏழு. ஏழு சுத்து சுத்தினா கையோட வந்துடும்."

வியாழக்கிழமை முதஸ்ஸிர் எண்ணியதும் ஏழு.

எஞ்சினுக்கு ஒரு கோளாறும் இல்லை. யாரோ அந்த வளையத்தைக் கழற்றப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடவையும், பொறுமையாக, ஏழு சுற்று.

"ஒரு விசயம் பாய்," என்றார் கொளஞ்சியப்பன். "அவன் செத்தப்புறம் வண்டிய நான்தான் பிரிச்சேன். உள்ள வெயிட் இல்ல. வெயிட் இருக்குதுன்னு நெனச்சிக்கினு ஏறியிருக்கான் புள்ள. இல்லன்னா அவ்ளோ மெதுவா ஏறுவானா? அவன் அக்கா செந்தமிழ்ச்செல்வி இன்னிக்கும் கேட்டுக்கினே கீது, அது எங்க போச்சுன்னு."

ஞாயிறு. மாலை 3.55. முதஸ்ஸிர் மலையில் இருந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அஜித்குமாரின் ஹேண்டில் பாரைப் பிடித்தார்.

"ஏறாத தம்பி."

"நீ எதுக்கு பாய் இங்க வந்த?"

"அது பாரதி வெயிட்டு."

அஜித்குமாரின் முகம் ஒரு நொடி வெளுத்தது. அப்புறம் மைக்கில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையில் கோப்பை. பின்னால் பாரதியின் படம், மாலை போட்டு.

"அங்க உக்காந்துகீறது அவன் அக்கா. அதுகிட்ட போய் உண்மைய சொல்லு. சொல்லிட்டு வண்டிய இங்கயே போட்டுடு. நான் பாத்துக்கறேன்."

"கைய எடு பாய். எல்லாரும் பாக்குறாங்கோ."

முதஸ்ஸிர் எடுக்கவில்லை. அவன் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, ஆக்சிலரேட்டரைத் திருகினான்.

4.17.

வண்டி ஏறியது. நன்றாக ஏறியது. முப்பதடி. ஐம்பதடி. கூட்டம் விசிலடித்தது.

எழுபதடியில் எஞ்சின் நின்றது.

திணறவில்லை. இருமவில்லை. யாரோ கை வைத்து நிறுத்தியது போல நின்றது.

சரிவில் வண்டி அப்படியே நின்றது. அது நிற்கவே முடியாத இடம்.

முதஸ்ஸிர் எண்ணினார். அவரை அறியாமல் எண்ணினார்.

எட்டு... ஒன்பது... பத்து...

பதினொன்று.

வண்டி பின்னால் நகர்ந்தது. மெதுவாக.

ஒன்றே முக்கால் அடி.

நின்றது.

'டங்.'

கூட்டத்தின் சத்தத்தில் அது கேட்டிருக்க முடியாது. ஆனால் அவருக்குக் கேட்டது.

அப்புறம்தான் வண்டி மொத்தமாகச் சரிந்தது.

அஜித்குமார் பிழைத்துக்கொண்டான். வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் முதஸ்ஸிரைக் கூப்பிட்டனுப்பினான்.

"பாரதி வண்டிய என்கிட்ட வுட்டுட்டு பரோட்டா வாங்கப் போனான் பாய். பந்தயத்துக்கு மொத நாளு. பத்து நிமிசம்தான். வெயிட்டு கையாலயே வந்துடுச்சு. தோத்துடுவான்னுதான் நெனச்சேன்."

"கிளட்ச்ச பிடிச்சிருக்கலாமே. கீழ குதிச்சிருக்கலாமே."

"பிடிக்கப் பாத்தேன். என் விரலு மேல வேற விரலு இருந்துச்சு பாய். ஜில்லுனு."

அதை அவன் பாரதியின் அக்காவிடமும் சொன்னான். போலீசிடமும் சொன்னான். பாதியைத்தான் எழுதிக்கொண்டார்கள்.

உடைந்த வண்டியை முதஸ்ஸிர் கடைக்குக் கொண்டுவந்தார். முதலில் போல்ட்களைப் பார்த்தார். ஆறு சிவப்புக் கோடுகள். ஒன்றுகூட மயிரளவு விலகவில்லை. மூடியில் கீறலைத் தவிர ஓட்டை இல்லை, விரிசல் இல்லை.

திறந்தார்.

ஃப்ளைவீல் இருந்தது. அதன் மரை புதிதாக வெட்டியது போலப் பளபளத்தது.

வளையம் இல்லை.

கொளஞ்சியப்பன் திங்கட்கிழமை காலை 8.30க்குப் பட்டறையைத் திறந்திருக்கிறார். சனிக்கிழமை இரவு அவரே போட்ட பூட்டு. சாவி அவர் இடுப்பில். கதவைத் திறந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். லேத்தின் வாய் ஒரு வளையத்தைக் கவ்வியிருந்தது. மூன்று புள்ளி. சுற்றிலும் ஈரச் செம்மண். தொட்டுப் பார்த்தாராம். அப்போதுதான் கடைந்து முடித்தது போல, கை வைக்க முடியாத சூடு.

அதை செந்தமிழ்ச்செல்வியிடம் கொடுத்துவிட்டார்கள்.

முதஸ்ஸிரிடம் இன்றும் மலைக்குப் போகிற பையன்கள் கேட்பதுண்டு: இறுகிப்போன வெயிட்டை எப்படி பாய் கழற்றுவது? பைப்பும் டார்ச்சும் வேண்டாம் என்பார். அந்த மாதிரி வெயிட் கழல ஒரே வழிதான். முதல் கியரில் போட வேண்டும். எஞ்சின் நின்றிருக்க வேண்டும். வண்டியை ஒன்றே முக்கால் அடி பின்னால் உருட்ட வேண்டும். உள்ளே ஒரு கை வெயிட்டை அசையாமல் பிடித்திருக்க, எஞ்சின் பின்பக்கமாக ஏழு சுற்று சுற்றும். வெயிட் கையோடு வந்துவிடும்.