அட்டையில் வராத நான்கு வரி

தொண்ணூறுகளின் நடுவில், கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலையில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். அங்கே தமிழ் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். குன்னத்துகாலிலிருந்து ஒரு மாமா வந்தார். மனைவி இறந்து ஓராண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நினைவு ஆராதனை. அன்று கொடுக்கும் அட்டையில், அவள் படத்துக்குக் கீழே அவரே எழுதிய நான்கு வரி தமிழில் வர வேண்டும்.

அடித்துக் காட்டினேன். ஸ்கிரீனில் விரலை ஓட்டி வாசித்துவிட்டுத் தலையாட்டினார். புள்ளி புள்ளியாக அடிக்கும் எங்கள் பிரிண்டரில் எடுத்தால், அச்சுக்குப் பிளேட் போடும்போது எழுத்து உடைந்துபோகும். லேசர் பிரிண்டர் நெய்யாற்றின்கரையில் ஒரு பிரஸ்ஸில் இருந்தது. சனிக்கிழமை காலை பிளாப்பியோடு அவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் எங்கள் தமிழ் ஃபான்ட் இல்லை. ஃபைலைத் திறந்ததும் நான்கு வரியும் ஆங்கில எழுத்தும் கோணல் குறியுமாக நின்றன. கையோடு கொண்டுபோயிருந்த ஃபான்டை ஏற்றினேன், ஸ்கிரீனில் தமிழ் வந்தது. மாமா லேசாகச் சிரித்தார். பிரிண்ட் கொடுத்தால் தாளில் மறுபடியும் அதே ஆங்கிலம். பிரிண்டர் எங்கள் ஃபான்டைத் தள்ளிவிட்டுத் தன்னுடையதைப் போட்டுக்கொள்கிறது என்று பிரஸ் ஆபரேட்டர் கண்டுபிடித்து, செட்டிங்கில் அதை நிறுத்தினார். இப்போது தமிழ் வந்தது, ஆனால் பாதி எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம். அவள் பெயரில் ஓர் எழுத்துதான் மிஞ்சியிருந்தது. பக்கத்தைப் படமாக மாற்றி அனுப்பிப் பார்த்தோம். மெமரி போதாமல் பாதித் தாளில் நின்றுபோனது.

மதியம் தாண்டியது. இனித் தன்னால் ஆகாது என்றார் ஆபரேட்டர். மலையாளத்தில் என்றால் உடனே அடித்துத் தரலாம், சர்ச்சில் எல்லாருக்கும் மலையாளம் தெரியும்தானே என்றும் சொன்னார்.

மாமா என் பக்கம் திரும்பினார்.

“அவளுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாதாக்கும் மக்கா. அவளுக்க பேரையாவது தமிழ்ல போட ஒரு வழி உண்டா?”

இல்லை மாமா என்றேன்.

மலையாளத்தில்தான் அச்சானது. படம் தெளிவாக விழுந்திருந்தது. நான்கு வரியை யாரும் மொழிபெயர்க்கவில்லை. பெயரும் தேதிகளும் ஒரு வேத வசனமும் மட்டும் போட்டார்கள்.

மாமா வரச் சொல்லியிருந்ததால் ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். வாசலில் அவரே அட்டைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாங்கியவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். என் கையிலும் ஒன்றைத் தந்தார். வரச் சொன்னதற்காகத்தான் வந்தேன் என்று ஏதோ உளறினேன். அவர் அதற்குள் அடுத்தவரிடம் அட்டையை நீட்டியிருந்தார்.