மணக்காத பூ

செஞ்சிக்குப் போகும் காலைப் பேருந்தில் அவர் சிங்கவரத்தில் ஏறுவார். ஒடிசலான உடம்பு, கொண்டையைவிட அதில் வைத்த பூதான் பெரிதாகத் தெரியும். பெரும்பாலும் டிசம்பர் பூ. சில நாள் ஊதா, சில நாள் வெள்ளை. இரண்டும் ஓய்ந்துவிட்டால் மலையடியில் முள்ளுக்கு நடுவே பூக்கும் மஞ்சள் செம்முள்ளி. மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள்தாம். ஒன்றுக்கும் மணம் கிடையாது.

ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் மல்லிச் சரத்தில் பாதியைக் கிள்ளி நீட்டினேன்.

"வேணாம்மா."

பூவைக்கூட வேண்டாம் என்பார்களா? எனக்குச் சுருக்கென்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரே என் கையைத் தொட்டார்.

"கோச்சிக்காதம்மா. ஒரு ஜுரம் வந்துச்சு. அதுலேர்ந்து எனக்கு எந்த வாசனையும் தெரியல. மல்லி வச்சா பஸ்சுக்கே மணக்குது, எனக்கு மட்டும் இல்ல. இந்தப் பூன்னா யாருக்குமே மணக்காது பாரு."

பேருந்து நிலையம் நெருங்கியபோது, என் கையிலிருந்த சரத்தை வாங்கி மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னா மாதிரி இருக்குது, சொல்லேன். மறந்துபோவுது."

"இனிப்பா..." என்று தொடங்கினேன். அதற்குமேல் வரவில்லை. "மல்லி மாதிரியே இருக்குதுக்கா."

"அப்டிதான் இருக்கும்" என்று சிரித்தார். சரத்தை என் தலையிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

இப்போதெல்லாம் சிங்கவரம் வரும்வரை மல்லியை முகர்ந்துகொண்டே வருகிறேன். அவர் ஏறுகிறார். சொல்ல ஒரு வார்த்தை இன்னும் கிடைக்கவில்லை.