ஒரு சாண் எர்த் ஒயர்

என் பட்டறை மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் ஒரு சாண் நீளக் கறுப்பு ஒயர் துண்டு ஒன்று ஆறு வருடங்களாகக் கிடந்தது. பாதிக்கு மேல் உறை பொரிந்து சுருங்கி, ஓரிடத்தில் செம்பு இழை வெளியே தெரியும். எதையாவது தேடி அந்த இழுப்பறையைத் திறந்தால் கருகிய வாடை லேசாக எழும். ஆறு வருடத்துக்குப் பிறகுமா வாடை அடிக்கும் என்று கேட்பீர்கள். எனக்கு அடித்தது. அதைத் திறக்க வேண்டாம் என்பதற்காகவே ஸ்குரூ டிரைவர்களையும் குறடுகளையும் முதல் இழுப்பறைக்கு மாற்றி வைத்திருந்தேன்.

நான் வண்டிகளுக்கு ஒயரிங் பார்ப்பவன். ராதாபுரம் பக்கம் கல் லாரிகளில் தொழில் பழகி, திருச்செந்தூர் சாலையில் சொந்தப் பட்டறை போட்டவன். ஆற்றங்கரைக் கோயில் ஒன்றுக்கு உபயதாரர் ஒருவர் பேட்டரி கார் வாங்கிக் கொடுத்திருந்தார். கோல்ஃப் மைதானங்களில் சத்தமில்லாமல் ஓடுமே, அந்த வகை வண்டி. தாமிரபரணியில் முங்கி எழுந்து வரும் வயசாளிகளைப் படித்துறையில் ஏற்றிக் கோயில் வாசலில் இறக்குவது அதன் வேலை. அதை ஓட்டியவர் ஒரு அக்கா. முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் தேய்ந்து அது முடியாமல் போனபோது, அலுங்காமல் ஓடும் இந்த வண்டி கிடைத்தது. தனி ஆள். அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பில்லை.

அக்காவின் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயில் வாசல் டீக்கடையில் பால் திரியப்போகிறது என்பதைக் கடைக்காரருக்கு முன்னால் சொல்லிவிடுவார். எந்த ஆட்டோவில் பிரேக் தேய்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்வார். "அக்கா, போலீஸ் நாய்க்கு லீவு குடுத்துட்டு ஒங்களைக் கூப்பிடலாம்" என்று நான் கிண்டல் செய்வேன். மூக்குத்தியைத் தொட்டுக்கொண்டு சிரிப்பார்.

திருவிழா நெருங்கியபோது கோயில் மேனேஜர் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, வண்டிக்கு நல்ல விளக்கும் மைக்செட்டும் இரண்டு சின்ன விசிறிகளும் வேண்டும் என்றார். அந்த வண்டியில் சீட்டுக்கு அடியில் நான்கு பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். மொத்தம் நாற்பத்தெட்டு வோல்ட். விளக்குக்கும் மைக்குக்கும் பன்னிரண்டு போதும். சோம்பேறி ஆட்கள் ஒரே ஒரு பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒன்று மட்டும் இளைத்துச் சாகும், கூடவே மற்ற மூன்றையும் கெடுக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. நாற்பத்தெட்டைப் பன்னிரண்டாகக் குறைத்துத் தரும் ரெடியூசர் ஒன்றை வாங்கிப் போட்டேன். உள்ளங்கை அகல அலுமினியப் பெட்டி. பிளஸ் பக்கம் ஃபியூஸ் வைத்தேன். சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வரும்படி ரிலே வைத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

கோட்டை விட்டது மைனஸில்தான். லாரியோ ஆட்டோவோ, எங்கள் தொழிலில் மைனஸைத் தனியாக ஓட்டுவதில்லை. வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட்டைச் சுரண்டி, பேட்டரி மைனஸ் ஒயரை முறுக்கிவிட்டால் சட்டமே மைனஸ் ஆகிவிடும். பாடி எர்த் என்போம். இருபது வருடம் பழகிய கை, யோசிக்காமல் இந்த வண்டியிலும் அதையே செய்தது. பேட்டரி காரின் சட்டத்தில் கரண்டுக்கு வேலையே கிடையாது, அது எதிலும் சேராமல் தனியாக நிற்க வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

திருவிழா நன்றாகவே நடந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் அக்கா பட்டறைக்கு வந்தார். "தம்பி, காலம்பற மொத நடையில ஒரு வாடை அடிக்கு. ரப்பர் வேவுத மாதிரி. ஆளுக எறங்குனதும் நின்னு போவு" என்றார். மத்தியானம் போய்ப் பார்த்தேன். வண்டி காய்ந்து கிடந்தது. ரெடியூசரைத் தொட்டால் சூடில்லை. விளக்கு எரிந்தது, விசிறி ஓடியது. "ஈர வேட்டி வாடையா இருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். மூன்றாவது தடவை அவர் சிரிக்கவில்லை. "ஒரு நா இது தீப்பிடிக்கும் தம்பி. நடக்க மாட்டாத சனம் அவ்வளவும். தூக்கி எறக்கவும் ஆள் கெடையாது" என்றார். ஆனாலும் காலையில் நேரமே எழுந்து முதல் நடையில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. என் வேலையில் பிழை இருக்கும் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஈரத்தால்தான் வாடை வருகிறது என்று அக்கா தானாக ஒரு முடிவெடுத்தார். ஈரத்துணியோடு வருகிறவர்களை ஏற்றுவதில்லை என்று சொல்லிவிட்டார். ஆற்றில் குளித்த ஈரத்தோடு பெருமாளைச் சேவிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். புகார் மேனேஜரிடம் போனது. அவர் என்னை வரச்சொன்னார். "ஏவே, வண்டியில கோளாறு உண்டுமா இல்லியா? நீரே பாத்துச் சொல்லும். இவ ஈரத்தோட வாறவங்கள ஏத்த மாட்டேங்கா" என்றார். அப்போதுதான் முதல் நடை முடிந்து வண்டி வந்து நின்றிருந்தது.

சீட்டைத் தூக்கினேன். ஈரம் சொட்டிச் சொட்டி, பேட்டரிகளை அழுத்திப் பிடித்திருந்த இரும்புப் பட்டை துருவேறித் தளர்ந்திருந்தது. காலையில் முதல் நடையில்தான் வண்டி நிறையும்; நாலு பேர் உட்கார்ந்தால் பட்டை அமுங்கி, கடைசி பேட்டரியின் பிளஸ் முனையில் உரசும். உரசிய தடம் பளிச்சென்று தெரிந்தது. சட்டம் தனியாக நின்றவரை அந்த உரசலால் ஒன்றும் ஆகியிருக்காது. நான்தான் சட்டத்தை மைனஸோடு சேர்த்து வைத்திருந்தேன். தொட்டும் தொடாமலும் உரசும் ஒவ்வொரு தடவையும் கரண்டு என் எர்த் ஒயர் வழியாகப் பாய்ந்திருக்கிறது. நான் வைத்த ஃபியூஸ் பிளஸ் பக்கம் இருந்து வேடிக்கை பார்த்திருக்கிறது. ஒயரைத் தொட்டேன். சுட்டது. சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வரும். ஒரு பொறி போதும். அதன் மேல்தான் தினமும் காலையில் நாலு கிழடுகள் கைகூப்பி உட்கார்ந்து போயிருக்கிறார்கள்.

மேனேஜர் அண்ணாச்சி தள்ளி நிழலில் நின்றார். அக்கா என் முதுகுக்குப் பின்னால் நின்றார். நான் அந்த ஒயரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். பேட்டரி மைனஸிலிருந்து தனி ஒயர் ஓட்டினேன். பட்டைக்கு ரப்பர் குழாய் மாட்டினேன். ஆபத்து தீர்ந்தது. நிமிர்ந்து, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஒரு கனெக்‌ஷன் லேசா லூசு, முறுக்கிட்டேன்" என்றேன். இன்னும் இரண்டு கோயில் வண்டிகளின் வேலையையும் எனக்கே தருவதாக அவர் சொல்லியிருந்தார். அதுவும் ஒரு காரணம். வெட்கம் அதைவிடப் பெரிய காரணம்.

"அப்பம் அந்த வாடை?" என்றார் அக்கா.

"பிரமைக்கா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

மறுவாரம் அக்காவை நிறுத்திவிட்டார்கள், வேறு டிரைவர் வந்துவிட்டார். ஈரத்தோடு எல்லாரையும் ஏற்றினார். வாடை அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்? அக்கா வேண்டுமென்றே சொல்லியிருக்கிறார் என்று கோயில் வாசலில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அந்த டீக்கடையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டு டீ குடித்தேன்.

போன மாதம் ஆழ்வார்திருநகரியில் ஒரு வேலை. பசிக்கு ஒரு சந்தில் வீட்டு இட்லிக் கடை இருக்கிறது என்றார்கள். குனிந்து உள்ளே நுழைந்தேன். கேஸ் வாடை குப்பென்று அடித்தது. அடுப்புக்கு முன்னால் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். கையில் தீப்பெட்டி.

"அக்கா, பத்த வைக்காதீங்க! கேஸ் கசியுது!" என்று கத்தினேன். ஓடிப்போய் ரெகுலேட்டரை அடைத்தேன். ஜன்னலைத் திறந்தேன்.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு பைய எழுந்தார். "வாடை அடிக்கா தம்பி? எனக்கும் ரெண்டு நாளா அப்படித்தான் தோணிச்சு. பிரமையா இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகச் சொன்னார். பெருமாள் கோயில் வண்டிக்குப் பிறகு தன் மூக்கைத் தான் நம்புவதில்லை என்றும், பால் திரிந்ததா என்றுகூடப் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்வதாகவும் சொன்னார். அடுப்புக்குப் போகும் கேஸ் குழாய் முனையில் நெடுக வெடித்திருந்தது.

அன்று மத்தியானமே பட்டறைக்குப் போய்த் திரும்பி வந்தேன். புதுக் குழாயோடு அந்த ஒயர் துண்டையும் கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒயரை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார்.

"இதே வாடைதான்" என்றார். ஒயரை இறக்கிவிட்டு, "இதப் பைக்குள்ள வைக்கும்போது நான் பின்னாலதான நின்னேன்?" என்றார்.

"ஆமாக்கா."

நான் புதுக் குழாயை மாட்டி முடித்ததும் அக்கா என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். ரெகுலேட்டரைத் தானே திறந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, குழாயின் இரண்டு முனைகளையும் மோந்து பார்த்தார். பிறகுதான் தீக்குச்சியைக் கிழித்தார். "நீங்க போங்க தம்பி. இனிமே இங்கன வர வேண்டாம்" என்றார்.

ஒயர் துண்டை அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. பட்டறைக்கு வந்து இரண்டாவது இழுப்பறையைத் திறந்தேன். காலியாகத்தான் இருந்தது. வாடை அடித்தது. பிரமை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.