கொம்பு ஓணான் வளர்த்த கதை

ஓர் உயிரினத்தை அழியாமல் காப்பாற்றப் புறப்பட்ட ஒருவன், அதன் முட்டைகளைத் தானே தூக்கிக் கொட்டினான். அந்த மேதாவி நான்தான்.

அப்போது இலங்கை மலையகத்தில், ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். தனிக்கட்டை. அழிந்துவரும் விலங்குகளைச் சோடியாக அடைத்து வைத்து இனம் பெருக்குகிறார்கள் என்று ஏதோ சஞ்சிகையில் படித்தேன். புதுத் தேயிலை வைக்கக் காட்டை வெட்டிக்கொண்டிருந்த நேரம். அங்கிருந்த, மூக்கு நுனியில் கொம்புள்ள ஓணான்களில் ஒரு சோடியைப் பிடித்துவந்து, மண் நிரப்பிய தேயிலைப் பெட்டியில் வளர்த்தேன். சாப்பிடும்போது அவற்றோடுதான் பேச்சு. பதில் சொல்லாவிட்டாலும் எழுந்து போகவில்லையே.

தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் துப்புரவைப் பார்ப்பதும் என் உத்தியோகம். அந்தப் பழக்கத்தில் சனிக்கிழமைதோறும் பெட்டி மண்ணையும் மாற்றினேன். எட்டு மாதமாகியும் ஒரு குட்டி இல்லை.

ஒருநாள் வாசல் கூட்டும் முத்தம்மா கூப்பிட்டாள். "ஐயா, இங்க வந்து பாருங்க!"

பழைய மண்ணைக் கொட்டும் பாத்தியில், தீக்குச்சி நீளத்தில் மூன்று குட்டி ஓணான்கள்.

"மண்ணுக்குள்ளதான் முட்டை வைக்கும்னு தெரியாதுங்களா?"

தெரியாது. இன்னும் எத்தனை முட்டைகளை நசுக்கினேனோ.

குட்டிகளைப் பிடிக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். பெட்டியைத் தூக்கிவந்து பாத்தியருகே சாய்த்தேன். பெரியவை இரண்டும் திரும்பிப் பாராமல் செடிகளுக்குள் போயின. அன்று சாப்பிடும்போது நான் மெல்லும் சத்தம் எனக்கே கேட்டது. அடைத்து வைத்தது அவற்றின் நன்மைக்கா, என் துணைக்கா என்று அப்போதுதான் யோசித்தேன்.

ஆனாலும் மறுநாள் முத்தம்மாவிடம் பெருமையடித்தேன். "எப்படியோ மூணு உசிரக் காப்பாத்திட்டேன்."

"ஆமாங்கய்யா," என்றாள் அவள், கூட்டுவதை நிறுத்தாமல். "நல்லவேளை, நீங்க பாக்காம கொட்டுனீங்க."