திருநாவுக்கரசு ஒதுக்கிய செடிகள்

திருநாவுக்கரசுக்கு ஐம்பத்து நான்கு வயது. பாயான் பாருவில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடங்களாகத் தரப் பரிசோதகர். மின்சுற்றுப் பலகையைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே திருப்பிப் பார்ப்பார். நல்லதென்றால் பச்சை ஸ்டிக்கர், குறையென்றால் சிவப்புக் கூடை. வேலை முடிந்தாலும் அந்தக் கண் ஓய்வதில்லை. ஜெலுத்தோங் சந்தையில் தக்காளி விற்கும் அம்மா, அவர் தலையைக் கண்டதும் கூடையைச் சாக்கால் மூடிவிடுவார்.

சர்க்கரை ஏறியதால் மருத்துவர் நடக்கச் சொன்னார். அவர் கொடிமலை ஏறினார். அங்கேதான் செடி ஆய்வாளர் ஷர்மினியைச் சந்தித்தார். இடுப்பளவு உயரமுள்ள ஒரு புதர்ச்செடியை அவள் அளந்துகொண்டிருந்தாள். கொழுந்து மட்டும் செம்பு நிறம். இந்த ஒரு சரிவைத் தவிர வேறெங்கும் இதை யாரும் பார்த்ததில்லை என்றாள்.

"வேற எங்கயுமே இல்லியா? அப்ப ஸ்பேர் பார்ட்டே கிடையாதா?"

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அவரும் தன்னார்வலர்.

இந்த வருடக் கணக்கெடுப்பை ஷர்மினி அவரிடமே ஒப்படைத்தாள். ஒரு தடவையாவது காய்த்த செடிகள் ஐம்பதுக்குக் குறைந்தால், அந்தச் செடியின் நிலை 'அருகி வருவது' என்பதிலிருந்து 'அழிவின் விளிம்பில்' என்று மாறும். அப்படி மாறினால் எல்லாவற்றையும் தோண்டி அடிவாரத்து நாற்றங்காலுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. முன்பு சோதனைக்காக இறக்கிய மூன்று செடிகளும் கீழே சூடு தாங்காமல் பட்டுப்போயிருந்தன.

மூன்று சனிக்கிழமைகள் எண்ணிவிட்டு வந்து அவர் சொன்ன எண் முப்பத்து நான்கு.

"அண்ணே, போன வருஷம் அறுபத்தொண்ணு. சரியாத்தான் எண்ணினீங்களா?"

"இருபத்தாறு வருஷம்மா. என் கையில ஒரு பீஸ் தப்பினதில்ல லா."

ஷர்மினி எண்ணை எழுதிக்கொண்டாள். "திங்கக்கிழமை ரிப்போர்ட் போகணும். அப்புறம் தோண்டிருவாங்க அண்ணே."

வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி குணவதி அவருடைய கணக்கெடுப்பு நோட்டைப் புரட்டினாள்.

"பக்கம் பூரா பெருக்கல் குறியா இருக்கே, என்னங்க இது?"

"ரிஜெக்ட்."

"என்னது?"

"இலையில ஓட்டை, பூச்சி அடிச்சது, கிளை ஒடஞ்சது. அதெல்லாம் எப்படிச் சேக்கிறது?"

குணவதி நோட்டை மூடினாள். "செடிய பெட்டியில கட்டி ஜப்பானுக்கா அனுப்பப் போறீங்க? உங்களுக்குந்தான் முன்பல்லு ரெண்டு இல்ல. இந்த வீட்டுல உங்கள நான் எண்ணலையா?"

அவர் வாய் திறந்து, பல் தெரியுமே என்று மூடிக்கொண்டார். பிறகு ஷர்மினிக்குப் போன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஏறினார்கள். பெருக்கல் குறி போட்ட ஒவ்வொரு செடியின் முன்னும் அவர் மறுபடி குந்தினார். சில உண்மையிலேயே பட்டுப்போயிருந்தன. சில இன்னும் காய்க்காத சிறுசுகள். இரண்டு மண்சரிவோடு போய்விட்டன. மற்றவற்றை முனகிக்கொண்டே சேர்த்தார். மத்தியானம் மேகம் இறங்கியபோது எண்ணிக்கை நாற்பத்தொன்பது. நோட்டில் மிச்சம் ஒரே ஒரு குறி.

அது ஓடைப் பாறையோரம் நின்றது. பாதிக் கிளை ஒடிந்திருந்தது. இருந்த இலைகள் மாவு சலிக்கலாம் போலிருந்தன.

"இத நான் லைன்ல விட்டிருந்தா சூப்பர்வைசர் அன்னிக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பான்" என்றார்.

"காய்ச்சிருக்கா அண்ணே? அதச் சொல்லுங்க."

பூதக்கண்ணாடியோடு குனிந்தார். குணவதி தூறலில் குடையைக் கூட விரிக்காமல் நின்றாள். ஒவ்வொரு இலையாகத் திருப்பி, கடைசியில் தண்டை ஒட்டி விரலை நிறுத்தினார்.

"காய் ஓடு ஒண்ணு காஞ்சு ஒட்டியிருக்கு. போன வருஷத்துது."

"அப்ப?" என்றாள் குணவதி.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சை ஸ்டிக்கரை எடுத்து, செடியின் எண் தகட்டில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

திங்கட்கிழமை அறிக்கை போனது. ஐம்பது. நிலை மாறவில்லை. தோண்டும் ஏற்பாடும் நின்றது. ஐம்பதாம் செடிக்கான குறிப்புக் கட்டத்தில் அவர் கையெழுத்தை ஷர்மினி திருத்தாமல் அப்படியே அனுப்பினாள்: 'குறைகள் பல. இயங்குகிறது.'