பச்சைப் பாவாடை என்று சொன்னேன்

எண்பதுகளின் தொடக்கம். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்திருந்த சமயம், ஒரு சனிக்கிழமை. நாங்கள் அன்றும் இன்றும் மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பக்கம் குடியிருக்கிறோம். என் கணவருக்கு வெலிங்டன் தீவில், துறைமுகக் கிடங்கில் வேலை. எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

அக்கரையில், எறணாகுளத்தில், ஒரு பல்கலைக்கழக வளாகத்தை அந்த ஒருநாள் மட்டும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். கண்காட்சி, நாடகம், கச்சேரி, பேராசிரியர்களின் பேச்சு, எல்லாமே இலவசம். படகில் யாரோ கொடுத்த நோட்டீஸை மகள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். நான் பொள்ளாச்சியில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்தபிறகு மலையாளம் பேச்சு நன்றாக வந்துவிட்டது. எழுத்தைத்தான் கூட்டிக் கூட்டிப் படிக்க வேண்டும். "பேச்சு முடிஞ்சதும் யார் வேணும்னாலும் கேள்வி கேக்கலாமாம்மா" என்றாள் அவள். அந்த ஒரு வரி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு கல்லூரி வகுப்பறையில் ஒருமுறையாவது உட்கார வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை.

கூட்டமான இடங்களுக்குப் போகும்போது என் கணவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். "கை விட்டுப்போச்சுன்னா தேடிக்கிட்டு அலையக் கூடாது. யாரா இருந்தாலும் நேரே படகுத்துறைக்கு வந்துடணும்." அக்கரைக்குப் போன மட்டாஞ்சேரிக்காரர்கள் எங்கே சுற்றினாலும் கடைசியில் படகுக்குத்தானே வரவேண்டும்? கோயில் உற்சவமோ பொருட்காட்சியோ, கிளம்பும்முன் மகளை ஒப்பிக்கச் சொல்வார். எனக்கு அது, வீட்டில் தினமும் கேட்கிற சத்தங்களில் ஒன்றாகிவிட்டிருந்தது. அன்று அவருக்கு வேலை. நாங்கள் இருவரும் மட்டும் போனோம்.

உள்ளே நல்ல கூட்டம். ஒரு மரத்தடியில் மாணவர்கள் தெருநாடகம் போட்டார்கள். இன்னொரு மரத்தடியில் ஓவியம் படிக்கிற மாணவிகள், வந்தவர்களை உட்காரவைத்துக் கரிக்கட்டியால் முகங்களை வரைந்து கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் அங்கேயே நின்றாள். "அப்புறம் பார்க்கலாம் வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் பேச்சு நடக்கிற அறைக்குப் போனேன்.

ஒரு பேராசிரியர் பழைய வரைபடங்களை மாட்டிவைத்துக் கொச்சித் துறைமுகத்தைப் பற்றிப் பேசினார். முதல் வரைபடத்தில் வெலிங்டன் தீவு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தண்ணீர். நாங்கள் படகில் தாண்டுகிற காயலின் அடியிலிருந்து மண்ணைத் தோண்டி எடுத்துக் கொட்டித்தான் அந்தத் தீவை உண்டாக்கினார்களாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் கணவர் தினமும் வேலைக்குப் போகிற இடம், நான் எத்தனையோ முறை படகில் தாண்டிப்போகிற இடம், என் அப்பா சிறுவனாக இருந்தபோது இல்லவே இல்லை! பேச்சு முடிந்து, "ஏதாவது கேள்வி உண்டா?" என்றார். இடது கையில் குடையும் பையும். வலது கையில் மகளின் கை. பெரியவர்கள் முன்னால் இடது கையைத் தூக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். மகளின் கையை விட்டுவிட்டு வலது கையைத் தூக்கினேன்.

அவ்வளவுதான். என் தவறு அந்த ஒரு நொடிதான்.

"மண்ணு எடுத்த இடம் இப்ப என்ன ஆச்சு சார்?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. தோண்டிய இடம்தான் இப்போது கப்பல் போகிற வழி, பெரிய கப்பலே போகிற அளவுக்கு ஆழம், மண் வந்து மூட மூடத் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள், என்று விரிவாகச் சொன்னார். கேள்விகள் முடிந்து ஜனங்கள் எழுந்தபோதும் முன்னால் போய் வரைபடத்தில் விரல் வைத்து இன்னும் இரண்டு கேள்வி கேட்டேன். அவரோடு பேசிக்கொண்டே முன்வாசல் வழியாக வெளியே வந்தும்விட்டேன். வலது கை சும்மா தொங்குவது அப்போதுதான் தெரிந்தது.

திரும்பி உள்ளே ஓடினேன். அறை காலி. வராந்தா, கண்காட்சிக் கூடம், குடிதண்ணீர்க் குழாய், நாடகக் கூட்டம், எங்கும் இல்லை. அவள் நின்று பார்த்த ஓவிய மரத்தடியும் கணவரின் சட்டமும் அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. இன்று நினைத்தாலும் அதை என்னால் நம்ப முடியவில்லை.

மைக் வைத்திருந்த மாணவர்களிடம் போய் அழுதேன். குழந்தை என்ன உடுத்தியிருக்கிறது என்று கேட்டார்கள். "பச்சைப் பாவாடை, வெள்ளைச் சட்டை" என்றேன். உடனே ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் பச்சைப் பாவாடை கட்டிய ஒரு சிறுமியை யாரோ இழுத்துக்கொண்டு வந்தார்கள். அது வேறு குழந்தை. பயந்துபோய் வீறிட்டு அழுதது. பின்னாலேயே ஓடிவந்த அதன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "சொந்தக் குட்டி எதுன்னு அறியாதா? கொண்டு நடக்கத் தெரியாதவங்க எதுக்குக் கூட்டிட்டு வரணும்?" குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் குடும்பமே வளாகத்தை விட்டுக் கிளம்பிவிட்டது.

அப்போது முகம் வரைந்துகொண்டிருந்த மாணவிகளில் ஒருத்தி வந்தாள். விரல்களெல்லாம் கரி. எங்கள் பொள்ளாச்சிக்கு எல்லை தாண்டியிருக்கிற சித்தூர்ப் பக்கத்துப் பெண்ணாம். மலையாளமும் தமிழும் கலந்து பேசினாள். "சேச்சி, கரையாதீங்க, அழாதீங்க. ரெண்டு பின்னல், இடதுபக்கம் ரிப்பன் அவிழ்ந்து தொங்கும். தாடையில சின்ன தழும்பு. அந்தக் குட்டியா?"

"ஆமா, ஆமா!"

"எங்கிட்டதான் இருந்தா. அம்மா கேள்வி கேக்கறாங்க, அது தீர்ற வரைக்கும் என்னை வரைவீங்களான்னு கேட்டா. வரைஞ்சு முடிச்சதும் அம்மாகிட்ட போறேன்னு போனா. திரும்பி ஓடி வந்து, அறையில ஆளே இல்ல, அப்ப நான் படகுத்துறைக்குப் போகணும்னு சொன்னா. நான் வேற ஒருத்தர வரைஞ்சிட்டு இருந்தேன் சேச்சி. அப்பா அங்கே நிக்கறார்னுதான் நினைச்சேன்."

படகுத்துறை! யாரோ தலையில் அடித்ததுபோல் இருந்தது.

அந்தப் பெண் கயிற்றிலிருந்து ஒரு படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டாள். "பச்சைன்னு மைக்கில சொன்னாங்க. அவ பச்சை உடுக்கலையே சேச்சி. காப்பிக் கலர் கவுன். வெள்ளைப் புள்ளி போட்டது" என்றாள் ஓடிக்கொண்டே. எனக்குக் கோபம்கூட வந்தது. "காலைல நானே தேய்ச்சு எடுத்து வெச்சேம்மா. பச்சைதான்" என்றேன். பெற்றவளுக்குத் தெரியாதா? அவள் படத்தைச் சுருட்டிக்கொண்டு முன்னால் ஓடினாள்.

படகுத்துறை அங்கிருந்து நடந்தால் கால்மணி நேரம். வழியெல்லாம் லாரிகள், பஸ்கள். இத்தனையையும் தாண்டி அவள் தனியாகப் போயிருக்க வேண்டும். ஒரு பக்கம் காயல். கப்பலே போகிற அளவுக்கு ஆழம் என்று அந்தப் பேராசிரியர் சொன்னது காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. நானே கை தூக்கிக் கேட்டு வாங்கிய பதில் அது.

துறையில் சாயங்காலக் கூட்டம். வாசலில் சாயா விற்றுக்கொண்டிருந்தவரிடம், "சேட்டா, தனியா ஒரு குட்டி வந்துச்சா? பச்சைப் பாவாடை!" என்று கேட்டேன்.

"பச்சைப் பாவாடையா? இப்பத்தானே மட்டாஞ்சேரி போட்டில ஏறிச்சு. கரைஞ்சிட்டே போச்சு" என்றார்.

படகு நடுக்காயலில் போய்க்கொண்டிருந்தது. கை நீட்டினால் எட்டாது, கூப்பிட்டால் கேட்காது. என் குழந்தை தனியாக, அழுதுகொண்டே, அந்தப் படகில். ஏறும்போது கால் தவறியிருந்தால்? ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தால்? அடுத்த படகு எப்போது என்று கத்திக்கொண்டு கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். மட்டாஞ்சேரிக்குப் போயே தீரவேண்டும் என்று உள்ளே நுழையப் பார்த்தேன்.

அந்தப் பெண் என் தோளை இறுகப் பிடித்து நிறுத்தினாள். சுருட்டிய தாளை என் முகத்துக்கு நேரே விரித்தாள். "இதப் பாருங்க சேச்சி. நான் கண்டதைத்தான் வரைஞ்சேன்."

கரியால் வரைந்த படத்தில் நிறம் இல்லை. ஆனால் கழுத்துக்குக் கீழே, தோளில், சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன. பத்து, பதினைந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து விட்டுவைத்த வெள்ளைப் புள்ளிகள். அந்தக் கவுனை எனக்குத் தெரியும். நான் தைத்தது.

"போட்டில போனது வேற குட்டி" என்றாள். அப்போதுதான் உறைத்தது. கொஞ்சநேரம் முன்பு என்னைத் திட்டிவிட்டுக் கிளம்பிய குடும்பம்!

படத்தை டிக்கெட் கொடுப்பவரிடம் காட்டினோம். அவர் ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்தக் குட்டியா? நாலு வட்டம் வந்தாச்சு. டிக்கெட்டும் எடுக்க மாட்டேங்குது, ஒதுங்கியும் நிக்க மாட்டேங்குது. தோ, பின்னால பாருங்க."

பெண்கள் வரிசையின் கடைசியில், இரண்டு பெரிய கூடைக்காரிகளுக்கு நடுவில், காப்பி நிறக் கவுனில் என் மகள் நின்றிருந்தாள். தனியாக ஓரத்தில் நின்றால் யாராவது வந்து விசாரிப்பார்கள், கூப்பிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். வரிசையில் நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் வரிசையில் நகர்ந்து ஜன்னல்வரை வருவாள், திரும்பக் கடைசிக்குப் போய்விடுவாள். அப்படி நாலு தடவை.

என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் சிவந்திருந்தது, கோபத்தில். "அப்பா சொன்னதுதானேம்மா? நான் வந்துட்டேன். நீ ஏன் வரல?"

கட்டிக்கொண்டு நான்தான் அழுதேன். கூடைக்காரி ஒருத்தி, "குட்டி கிட்டினதுக்கா இப்படிக் கரையுது இந்தச் சேச்சி?" என்று சிரித்தாள்.

பாவாடை என்ன ஆயிற்று என்று படகில் வரும்போது கேட்டேன். காலையிலேயே கொக்கி அறுந்துவிட்டதாம். "வேற போட்டுக்கவான்னு கேட்டேன். நீ ம்னு சொன்னே." அந்தக் கவுனோடுதான் போகும்போது அரைமணி நேரம் படகில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வளாகமெல்லாம் நடந்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் பெயர்கூடக் கேட்கவில்லை. படகு நகரும்போது கரியாய் இருந்த கையை உயர்த்தி ஆட்டினாள். படத்தை எங்களுக்கே கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து கணவரிடம், கூட்டத்தில் பிரிந்துவிட்டோம், படகுத்துறையில் சேர்ந்துகொண்டோம் என்று மட்டும் சொன்னேன். தன் சட்டம் பலித்துவிட்டது என்று அவர் மாதக்கணக்கில் பெருமையடித்தார். கையை விட்டதையும் பச்சைப் பாவாடையையும் இதைப் படித்துத்தான் அவர் தெரிந்துகொள்ளப் போகிறார்.

ஏழு வருடங்கள் ஆகிவிட்டன. படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இந்த வருடம் மகள் அக்கரையில் ஒரு கல்லூரியில் ப்ரீ-டிகிரி சேர்ந்து, தினமும் தனியாகப் படகேறுகிறாள். அவள் வாசலைத் தாண்டும்முன் நிறுத்தி, ரிப்பனிலிருந்து செருப்புவரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் விடுவேன். "என்னம்மா, மைக்கில சொல்லவா?" என்று கேலி செய்வாள். வகுப்பில் தான் கேட்ட கேள்விகளைச் சாயங்காலம் வந்து சொல்வாள். எனக்குப் பெருமையாக இருக்கும். அன்று அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது என்று எனக்கு இன்றுவரை தோன்றியதில்லை. ஆனால் அவள் இன்னும் நிறையக் கேள்வி கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிற இதே மனம்தான், தினமும் காலையில் அவளுடைய படகு அந்த ஆழமான இடத்தைத் தாண்டியிருக்கும் என்று கடிகாரம் சொல்கிறவரை, அடுப்படியில் வலது கையை இறுக மூடிக்கொண்டு நிற்கிறது.